கையில் கட்டிய மைக்

என் பாதம் மரத்துப்போனதற்குப் புதுச் செருப்புதான் காரணம் என்று நம்பினேன். லேசாக அல்ல, சண்டை போடும் அளவுக்கு நம்பினேன். கொழிஞ்சாம்பாறையில் வாங்கிய கடைக்கே திரும்பிப் போய், "இது காலை நெரிச்சு ரத்த ஓட்டத்தையே நிறுத்திப்போட்டுதுங்க" என்று முதலாளியிடம் நியாயம் கேட்டேன். அவர் குனிந்து செருப்பின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் எடம் மிச்சம் கெடக்குதுங்களே" என்றார். இவருக்குத் தொழில் தெரியாது என்று முடிவு கட்டி, ஒரு அளவு பெரியதாக மாற்றிக்கொண்டு வந்தேன். மறுநாள் தோப்பில் அந்தப் பெரிய செருப்பு காலிலிருந்து கழன்று வாய்க்கால் தண்ணீரில் மிதந்து போனது. கழன்றதே எனக்குத் தெரியவில்லை.

என் மனைவி சரோஜா அதைத் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "ஏனுங்க, கழண்டு போனதே தெரியாத காலை வெச்சுக்கிட்டு செருப்பு மேல குத்தஞ் சொல்றீங்களா? கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

நான் கேரள எல்லைக்குள் வாழும் தமிழன், தென்னை விவசாயி. அதைவிட, சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவென்றாலும் மேடையில் மைக் பிடிப்பவன். மொய் எழுதும் இடத்தைச் சொல்வது, பந்திக்கு அழைப்பது, நீளமாகப் பேசுபவரைக் கைதட்டிக் கீழே இறக்குவது எல்லாம் என் வேலை. இப்போது கைத்தடியோடு நடக்கிறேன், கையும் பரவாயில்லை. ஆகவே நான் பிழைத்தேனா என்ற கவலை இல்லாமல் மேலே படிக்கலாம். எனக்கு அந்த வசதி அப்போது இருக்கவில்லை.

பாலக்காட்டு டாக்டர் ரப்பர் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். கால் துள்ளவேண்டும், துள்ளவில்லை. மறுபடி தட்டினார். நான் மரியாதைக்காக நானே கொஞ்சம் தூக்கிக் காட்டப் பார்த்தேன், அதுவும் முடியவில்லை. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. சமீபத்தில் வயிற்றுப்போக்கு வந்ததா என்று கேட்டார். வந்தது. ஒரு கல்யாணத்தில் பிரியாணியைப் புகழ்ந்து மைக்கில் பேசிவிட்டு, புகழ்ந்ததற்கு ஏற்ற மாதிரி சாப்பிட்டிருந்தேன். அன்று மாலையே ஆம்புலன்சில் திருச்சூர்ப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே நரம்புகளில் சின்னச் சின்ன மின்சாரம் பாய்ச்சி, அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்தார்கள். இறால் மாதிரி சுருண்டு படுக்கச் சொல்லி, முதுகெலும்பு இடுக்கில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். பிறகு நோயின் பெயரைச் சொன்னார்கள்: கில்லன் பாரே. இரண்டு வெள்ளைக்காரர்கள் சேர்ந்து வந்து என் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். பிரியாணியோடு உள்ளே போன கிருமியை அடிக்க உடம்பு தன் காவல்படையை அனுப்புகிறது. படை கிருமியை அடித்து முடித்த பிறகும் கை அரிப்பு அடங்காமல், கிருமியைப் போலவே தெரிகிற நரம்பின் மேலுறையைக் கடித்துத் தின்ன ஆரம்பிக்கிறது. மோட்டார் ஒயரின் ரப்பர் உறையை எலி தின்றால் கரண்டு இருந்தும் மோட்டார் ஓடாது இல்லையா, அப்படி. பெரும்பாலும் உறை திரும்ப வளர்ந்துவிடும் என்றார்கள். நான் "பெரும்பாலும்" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நடுங்கினேன்.

மரத்துப்போவது காலிலிருந்து மேலே ஏறிவந்தது. தொடை, இடுப்பு, கை. நெஞ்சுக்கு வந்தால் மூச்சு நின்றுபோகும் என்பதால் ஐசியூவில் போட்டார்கள். நர்ஸ் வேளாவேளைக்கு வந்து, ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுவார். எவ்வளவு தூரம் எண்ணுகிறோமோ அவ்வளவு மூச்சு மிச்சம் என்று கணக்கு. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன்கள் வரிசை முழுவதையும் ஒரே மூச்சில் வாசிக்கும் நான், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வந்த குழந்தை மாதிரி திணறினேன். ஒவ்வொரு வேளையும் எண் குறைந்தது. நான் சரோஜாவைக் கூப்பிட்டு இறுதி ஏற்பாடுகளைச் சொல்லத் தொடங்கினேன். தோப்பை யார் பார்ப்பது, என் இழவில் மைக்கை யாரிடம் கொடுக்கக் கூடாது என்பது வரை.

"அந்த மூச்சையும் பேசியே தீத்துப்போடாதீங்க" என்றாள். "கம்முனு எண்ணுங்க."

அவள் அழுததை நான் பார்க்கவில்லை. தினமும் காலையில் அனுமதி வாங்கி உள்ளே வந்து எனக்குச் சவரம் செய்துவிட்டுப் போவாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் கன்னத்தில் கத்தி வைக்க அவளுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. ஒரு கீறல்கூட இல்லை. பாட்டில் பாட்டிலாக மருந்து ஏறியது. மற்றவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நல்ல காவல் புரதமாம், என் கிறுக்குப் படையை அடக்குவதற்கு. பில் எவ்வளவு என்று கேட்டால் சரோஜா தன் தம்பியைக் காட்டுவாள், தம்பி ஜன்னலைக் காட்டுவான். ஜன்னலுக்கு வெளியே ஒரு மாமரம் மட்டும் இருந்தது.

மருந்து வேலை செய்தது. எண் குறைவது நின்றது, பிறகு கூடியது. ஆனால் கால் எழவில்லை, கை பாதிதான் எழுந்தது, முகத்தில் இடப்பக்கம் தூங்கிப்போயிருந்தது. ஜோக் சொன்னால் எனக்கே பாதி முகம்தான் சிரித்தது. அந்த நிலையில் என்னை மறுவாழ்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். "உங்க ஆளு ஒருத்தர் அங்கே இருக்கார், தமிழ்" என்று ஏதோ பரிசு கொடுப்பது போல அவன் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலைக் கொடுத்தார்கள்.

ஞானராஜை அப்படித்தான் தெரியும். மூணாறுக்குக் கீழே சித்திரபுரத்துக்காரன். அப்பா அம்மா தேயிலைத் தோட்ட வேலை, அவன் செல்போன் கடை வைத்திருந்தான். பிறக்கும்போது மூளைக்குப் போகவேண்டிய காற்று கொஞ்ச நேரம் தடைப்பட்டதால், மூளை போடும் உத்தரவு கை, கால், நாக்குக்குப் போகும் வழியில் தடுமாறும். அறிவில் ஒரு குறையும் இல்லை. முழங்காலுக்குப் பின்னால் இறுகிப்போன தசைநாரைத் தளர்த்த ஆபரேஷன் செய்துகொண்டு, அதற்குப் பிறகான பயிற்சிக்காக இருந்தான். அக்கா எஸ்தர் கூட இருந்தாள். கொழுந்து பறிக்கும் வேலைக்கு லீவு போட்டு வந்தவள். அவன் கவிதை எழுதுபவன், இரண்டு சிறுபத்திரிகைகளில் வந்திருக்கிறது என்பதை முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள்.

அவன் பேச நேரமாகும். கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், வாய் சொல்லைத் தேடிப் போகும், சொல் வேறு வழியில் வரும். 'ப'வும் 'ம'வும், உதட்டை மூடித் திறக்கவேண்டிய எழுத்தெல்லாம், அவனை வாசலிலேயே நிறுத்தி வைக்கும். எனக்கோ மௌனம் என்றால் மைக் பழுது என்று அர்த்தம். முதல் நாள் அவன் "அண்ணே, அந்த... ப... ப..." என்றான்.

"பால்? பழம்? பாத்ரூம்?"

அவன் வாயை மூடி, எச்சில் விழுங்கி, என்னைப் பார்த்து, முதலிலிருந்து தொடங்கினான். "அண்ணே... அந்த... ப..."

"ஃபேன்! ஃபேன் போடோணுமா?"

மறுபடி வாயை மூடினான். மறுபடி "அண்ணே". நான் நான்கைந்து பொருள்களைக் கொடுத்துப் பார்த்த பிறகு எஸ்தர் சிரித்தாள். "அண்ணே, நீங்க முடிச்சு வச்சா அவன் மொதல்ல இருந்துதான் ஆரம்பிப்பான். சின்னதுலயே அப்படித்தான். அப்பாகிட்டயும் அப்படித்தான், பாஸ்டர்கிட்டயும் அப்படித்தான். பேசாம இருங்க, சீக்கிரம் முடிஞ்சிரும்."

பேசாமல் இருந்தேன். "அண்ணே, அந்தப் பக்கமாத் திரும்பிப் படுங்க, குறட்டை தாங்கல" என்றான்.

காலையில் எங்கள் இருவரையும் பயிற்சிக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். என்னை ஒரு பலகையில் பட்டை போட்டுக் கட்டி, பலகையை மெல்ல மெல்ல நிமிர்த்துவார்கள். நிற்பது எப்படி என்று உடம்புக்கு ஞாபகப்படுத்தவாம். ஞானராஜ் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடந்தான். தையல் இழுக்க இழுக்க, வியர்வை கொட்டக் கொட்ட, அவன் ஒரு எட்டு வைப்பதைப் பார்க்கும்போது நான் பலகையில் கட்டுண்டபடியே மூச்சைப் பிடித்துக்கொள்வேன். எனக்குப் போனது திரும்பி வந்துகொண்டிருந்தது. அவன் வைத்த ஒவ்வொரு எட்டும் அவனிடம் ஒருநாளும் இருந்ததில்லை, புதிதாகச் செய்துகொண்டிருந்தான். மலைப்பாக இருந்தது. அதை மறைக்க ஜோக் அடிப்பேன். பிசியோதெரபிஸ்ட் ஜிஷா, "சேட்டா, வாய்க்கு எக்சர்சைஸ் வேண்டா, அது நல்லா இருக்கு" என்பாள்.

ஞாயிறுதோறும் தொண்டர்கள் சிலர் வந்து நோயாளிகளுக்காகப் பாட்டும் கவிதையும் நடத்துவார்கள். அவர்களுக்குத் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எல்லோரும் சார் என்போம். நல்ல மனிதர். வரும்போதெல்லாம் நேந்திரங்காய் வறுவல் கொண்டுவந்து என் வாயில் அவரே ஊட்டுவார். எஸ்தர் கைபேசியில் ஞானராஜின் கவிதையைக் காட்டினாள். சார் தமிழ் எழுத்தை மெதுவாகக் கூட்டிப் படித்தார். கண் கலங்கியது, உண்மையாகவே. பிறகு சொன்னார்: வரும் ஞாயிறு இதை வாசிக்கலாம், அவரே மலையாளத்தில் பெயர்த்து அவரே வாசிப்பார், ஞானராஜ் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். இரண்டு சொற்களை மட்டும் எடுத்துவிடலாம்.

அந்த இரண்டு சொற்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஞானராஜுக்கு வைத்த பெயர்கள். காலுக்கு ஒன்று: நொண்டி. தமிழ் பேசியதற்கு ஒன்று: பாண்டி. தமிழனை இளக்காரமாகச் சொல்ல மலையாளத்தில் அந்த ஒரு சொல் போதும்.

"நம்மட நாட்டில் இப்போ அங்ஙனே ஆரும் விளிக்கில்லல்லோ, மோனே" என்றார் சார், அப்படி இப்போது யாரும் கூப்பிடுவதில்லை என்று. "கேக்குறவங்களுக்கு விஷமமாகும்." மனசு சங்கடப்படுமாம்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் வராந்தாவில் டீக்காரனிடம் யாரோ கத்தினார்கள்: "ஒரு சாயா ஆ பாண்டிக்கும் கொடுத்தேக்கு!" அந்தப் பாண்டி நான்தான். நான் பாதி முகத்தால் சிரித்து, "பாண்டிக்குச் சர்க்கரை கூட்டிப் போடச் சொல்லுங்க" என்றேன். வராந்தாவே சிரித்தது. சாரும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

அவர் போன பிறகு ஞானராஜ் கேட்டான். "ஏண்ணே சிரிச்சிய?"

"நாமளே முந்திச் சிரிச்சுப்போட்டா அவன் சிரிக்கறதுக்கு ஒண்ணுமிருக்காது, தம்பி. நான் மேடையில இதை வெச்சுத்தான் பாதி கைதட்டு வாங்கறேன்."

அவன் வெகுநேரம் எடுத்துக்கொண்டான். நான் குறுக்கே பேசவில்லை. "நீங்க முந்திச் சிரிச்சிருதிய. நான் பிந்தித்தான் பேசுவேன். ஆனா பேசுவேன். என் கவிதையை நான்தான் வாசிப்பேன். முழுசா."

எஸ்தர் தலையில் கைவைத்தாள். "எல, ஊரு கூட்டத்துல 'ப'வுல மாட்டிக்கிட்டா என்ன செய்வ? சிரிக்க மாட்டாவளா?"

"சிரிக்கட்டும். முடிச்சிட்டுத்தான் எறங்குவேன்."

சார் சம்மதித்தார், முகம் வாடித்தான். ஒரு சிக்கல் இருந்தது. ஞானராஜின் கை சொன்னபேச்சுக் கேட்காது. மைக்கைப் பிடித்தால் அது அவன் மூக்கில் இடிக்கும். ஸ்டாண்டில் வைத்தால் அவன் தலை ஆடும் பக்கம் மைக் வராது. கூடவே போக ஒரு கை வேண்டும். நான் உடனே, "மைக்கா? நானாச்சு" என்றேன். என் கை ஒரு தம்ளரைப் பிடித்தால் தம்ளர் ஜெயிக்கும் நிலையில் இருந்தது என்பதை வாய் மறந்துவிட்டது.

"நல்லதாச்சே, எக்சர்சைஸ்" என்றாள் ஜிஷா. பிடிமானம் இல்லாதவர்கள் சாப்பிட, உள்ளங்கையோடு கரண்டியைக் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதே பட்டையால் மைக்கை என் வலது கையோடு இறுக்கிக் கட்டி, மேலே ஒரு சுற்று துணியும் சுற்றிவிட்டாள். இடது கையால் வலது முழங்கைக்கு முட்டுக்கொடுத்தேன். எங்கள் சக்கர நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். கூடம் நிறைந்திருந்தது. நோயாளிகள், அங்கே பைஸ்டாண்டர் என்று சொல்கிற துணையாட்கள், நர்சுகள். ஏறக்குறைய எல்லோரும் மலையாளிகள்; அன்று சாயாவுக்குக் கத்திய ஆளும் முன்வரிசையில் இருந்தார்.

ஞானராஜ் தொடங்கினான். அவன் தலை போகும் பக்கமெல்லாம் மைக்கைக் கொண்டுபோனேன். முதல் வரிகள் மெல்ல மெல்ல வந்தன. பெயர்கள் வரும் இடம் வந்தது.

"பா..." என்றான். நின்றது. "பா..."

அவன் கழுத்து இழுத்தது. உதடு மூடியது, திறக்கவில்லை. ஸ்பீக்கரில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. பின்வரிசையில் யாரோ செருமினார்கள், யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மேடையில் ஒருவர் சிக்கிக்கொண்டால் மைக் பிடிப்பவன் செய்வது ஒன்றுதான்: கைதட்டத் தொடங்குவான், சபையும் தட்டும், பேச்சாளர் மரியாதையாக இறங்குவார். என் உடம்பு முழுக்க அதற்குத்தான் துடித்தது. ஒரு கையில் மைக் கட்டியிருக்கிறது, இன்னொரு கையை எடுத்தால் முதல் கை விழும். தட்ட முடியவில்லை. சார் எழுந்து வந்தார். "மதி மோனே, வளரெ நன்னாயி", போதும், ரொம்ப நல்லா இருந்தது என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த மைக்கைப் பிடித்து இழுத்தார். மைக் வரவில்லை, நான் வந்தேன். நாற்காலியிலிருந்து பாதி சரிந்து, அவர் இடுப்பில் என் தலை முட்டி நின்றது. அந்தக் கிலியில் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். பந்திக்கு அழைக்கும் என் முழுக் குரலில், மைக்கிலேயே, அவனுக்காக அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டேன்.

"பாண்டி!"

கூடம் அதிர்ந்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஜிஷா ஓடிவந்து என்னை நிமிர்த்தி உட்காரவைத்தாள். ஞானராஜ் வாயை மூடினான். எச்சில் விழுங்கினான். என்னைத் திரும்பிப் பார்த்தான். என்ன நடக்கப்போகிறது என்று அந்தக் கூடத்தில் எனக்கும் எஸ்தருக்கும் மட்டும் தெரியும். "ஐயோ தம்பி, வேண்டாம், என் கை" என்று கெஞ்சினேன். அதுவும் மைக்கில் கேட்டது.

அவன் முதல் வரியிலிருந்து தொடங்கினான்.

*நான் நடக்கையில் ஆடுவது நானில்லை, மலை*
*என்றாள் அக்கா.*
*பள்ளி சேரும்வரை நம்பினேன்.*
*அங்கே போனதும் மலை நின்றுவிட்டது.*

சார் நின்ற இடத்திலேயே நின்றார். என் தோளில் தீப்பிடித்தது போல் இருந்தது, கை நடுங்கி மைக் அவன் தாடையில் தட்டியது. சரோஜா பின்னாலிருந்து எழுந்து வந்தாள். ஜிஷா அவள் தோளைத் தொட்டு நிறுத்தினாள்: "அவர் பிடிக்கட்டும் சேச்சி."

"பா..." என்றான் ஞானராஜ்.

இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. யாருமே திறக்கவில்லை. ஒரு சொல் இன்னொரு மனிதனின் உடம்புக்குள் எங்கிருந்தெல்லாம் ஏறி வருகிறது என்பதை அன்றுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வயிற்றில் தொடங்கியது. நெஞ்சுக்கு வந்தது. கழுத்தின் நரம்புகளைப் பிடித்துக்கொண்டு ஏறியது. அவன் நெற்றி வியர்வை என் விரலில் விழுந்தது. ஒரு சபையின் மௌனத்தை நிரப்பவேண்டும் என்று தோன்றாமல் நான் இருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

*பாண்டி என்றார்கள். நொண்டி என்றார்கள்.*
*எதுகை எத்தனை கச்சிதம்!*
*என் முதல் கவிதையை*
*அவர்கள்தான் எழுதினார்கள்.*
*இது இரண்டாவது.*

*தேயிலையை எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை.*
*பறித்த கையைக் கேட்கிறார்கள்.*
*சொல்கிறேன். என் வாய்க்கு ஒரு சொல் வர நேரமாகும்.*
*வழியில் மலை இருக்கிறது.*
*நில்லுங்கள்.*

முன்வரிசையில் சாயாவுக்குக் கத்திய ஆள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவிதையில் எவ்வளவு அவருக்குப் புரிந்தது என்று எனக்குத் தெரியாது; அந்த ஒரு சொல் புரிந்திருக்கும். சார் கைகட்டி நின்றுகொண்டே இருந்தார். எஸ்தர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கைதட்டல் வந்ததா, எவ்வளவு வந்தது என்பதெல்லாம் எனக்கு ஞாபகமில்லை. ஜிஷா பட்டையை அவிழ்த்தபோது என் கையில் உணர்வே இல்லை.

ஞானராஜ் தன் கவிதையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, ஒரு சொல்லையும் விடாமல், தன் வாயால் வாசித்து முடித்தான். அதுவரை மைக் கீழே இறங்கவில்லை.